ஆறு ஓட்டை, அஞ்சு ஸ்குரு

எங்க வீட்டுக்காரர் செத்துப்போயிட்டாருன்னு மலாக்காவுல எங்க காஜா பெராங் ஊரே நம்பிச்சு. நான் ஒருத்திதான் நம்பலை. அதுக்காக என்னை என்னென்ன சொன்னாங்கன்னு கேட்டா உங்களுக்கே கோபம் வரும். புத்தி பேதலிச்சுப்போச்சுன்னாங்க. கல்நெஞ்சக்காரின்னாங்க. ஒருத்தி வாய் கூசாம, "தாலி கழட்ட மனசில்லாம நாடகம் போடுறா"ன்னா. அவ பேரைச் சொல்லமாட்டேன். இன்னைக்கும் எங்ககிட்டதான் அரிவாள்மனைக்குச் சாணை பிடிக்க வர்றா.

எங்க பொழைப்பைக் கொஞ்சம் சொல்லிடறேன், இல்லாட்டி மத்தது புரியாது. என் பேரு பூங்காவனம், அவரு மருதமுத்து. மாரியம்மன் கோயில் பக்கத்துச் சடக்குல, அதான் ரோட்டுல, முன்னால பட்டறை, பின்னால வீடு. காலால மிதிச்சா சுத்துற சாணைக்கல்லு ஒண்ணு இருக்கு. ரப்பர் தோட்டத்துப் பால்வெட்டுக் கத்தி சாக்குச் சாக்கா வரும். மீன் கத்தி, தையக்காரர் கத்திரிக்கோல், கோயில் அரிவாள், எல்லாம் எங்க கல்லுலதான் உரசும். கல்யாணம் ஆகி வந்த நாள்ல இருந்து நானும் மிதிச்சிருக்கேன். எங்களுக்குப் பிள்ளை குட்டி கிடையாது. பேச்சுத் துணைக்கு இரும்புதான்.

அவருக்குப் பொறியைப் பார்த்தே இரும்பைச் சொல்லத் தெரியும். கத்தியைக் கல்லுல வெச்சாருன்னா பொறி வெள்ளையாப் பறந்து, ஒவ்வொண்ணும் நுனியில வெடிச்சுக் கிளை பிரியும். "பாத்தியா, இது கார்பன் எஃகு. உள்ள கரி இருக்கு, அதான் வெடிக்குது. கூர் வெச்சா நிக்கும். ஆனா ஒரு ராத்திரி ஈரத்துல கிடந்தா துரு" அப்படிம்பாரு. அப்புறம் என் எவர்சில்வர் அகப்பைக் காம்பை எடுத்து வெப்பாரு. நாலே நாலு பொறி, சிவப்பா, குட்டையா விழுந்து அணைஞ்சுபோகும். "இது மாப்பிள்ளை மாதிரி. தண்ணி, உப்பு, புளி, எதுக்கும் மேனி கறுக்காது. காந்தம் வெச்சாக்கூட ஒட்டாது. ஆனா இதுல கத்தி பண்ணினா ஒரு வேளைச் சமையலுக்குக்கூடக் கூர் தாங்காது." என் அகப்பையை எதுக்கு நாசம் பண்றீங்கன்னு நான் கத்துவேன். நீங்க எஃகா எவர்சில்வரான்னு கேலி பண்ணுவேன். "நான் எஃகுதான், என் காலைக் கேளு"ம்பாரு.

அவரு கால் சமாசாரம் அதுதான். ஜப்பான்காரன் வர்றதுக்கு முந்தி, தோட்டத்து லோரி கவுந்து வலது தொடை எலும்பு முறிஞ்சுபோச்சு. அப்போ ஒரு ஆஸ்பத்திரியில கிழிச்சு, எலும்போட ஒரு இரும்புத் தகட்டை வெச்சு ஸ்குரு போட்டு முடுக்கியிருந்தாங்க. இடுப்புல இருந்து முட்டிக்கிட்ட வரைக்கும் தழும்பு. நடந்தாரு, ஆனா தாங்கித் தாங்கித்தான் நடந்தாரு. தழும்போட கீழ்ப்பக்கம் ஒரு சின்னத் துவாரம், ஆறவே ஆறாது. அதுல இருந்து எப்பவும் கசியும். சீழ்னா சீழ் நிறத்துல இருக்கணும் இல்லையா? இது செங்கல் தண்ணி மாதிரி வரும். நான்தான் காலையில கழுவி, பழைய வேட்டித் துணியைக் கிழிச்சுக் கட்டுவேன். அந்தக் கறை எலுமிச்சம்பழமும் உப்பும் போட்டுத் தேய்ச்சாலும் முழுசாப் போகாது. துணி துவைக்கிற எந்தப் பொம்பளைக்கும் தெரியும், அது துருக்கறை.

ஒரு நாள் சீழோட ஒரு ஸ்குருவே வெளிய வந்துடுச்சு. அந்த மனுஷன் என்ன பண்ணினாரு தெரியுமா? கழுவினாரு, காந்தத்துல வெச்சாரு, சடக்குன்னு ஒட்டுச்சு. குறடால பிடிச்சுக் கல்லுல வெச்சாரு. வெள்ளைப் பொறி, வெடிச்சு வெடிச்சுப் பறக்குது. "அடப்பாவி, கார்பன் எஃகை வெச்சுத் தைச்சிருக்கானே. ஊருக்கெல்லாம் துரு எடுக்கறேன், எனக்குள்ள இருக்கற துருவை யாரு எடுக்கறது?"ன்னு சிரிக்கிறாரு. தன் உடம்புல இருந்து வந்த சாமானைச் சாணை பிடிச்சுப் பார்த்த ஆளை நீங்க எங்கயாவது பார்த்திருக்கீங்களா? நான் ரெண்டு நாள் அவரோட பேசலை.

மெர்டேக்கா, அதான் சுதந்திரக் கொண்டாட்டம், முடிஞ்சு ஒரு வாரம் இருக்கும். சடக்குல கட்டின கொடித்தாள்கூட இன்னும் கிழியலை. சிங்கப்பூர் போய் ஒரு புதுச் சாணைக்கல்லு வாங்கிட்டு வர்றேன், ரெண்டு மூணு வாரம் ஆகும்னாரு. கல்லு வாங்க எதுக்கு மூணு வாரம்னு கேட்டேன். "நல்ல கல்லாப் பார்க்கணும். கனம், பஸ்ஸுல ஏத்தமாட்டான். தெரிஞ்ச தொங்காங்குப் படகு ஒண்ணு சரக்கு ஏத்திட்டு இங்க வரும், அதுல வந்துடறேன்"னு சொன்னாரு. போற அன்னைக்குக் காலையிலயும் நான்தான் கட்டுப் போட்டேன். அன்னைக்கும் அதே செங்கல் தண்ணி.

பத்துப் பன்னெண்டு நாள் கழிச்சு தெங்கேராக் கடற்கரையில ஒரு உடம்பு ஒதுங்குச்சு. முகத்தை மீன் விட்டுவைக்கலை. துணி எதுவும் மிச்சமில்லை. மாத்தாக்காரங்க, அதான் போலீசு, வலது தொடையில நீளத் தழும்பு உள்ள ஆளு யாராவது காணாமப்போயிருக்கானான்னு பாசார்ல, மீன் சந்தையில, விசாரிச்சாங்க. பாசார்ல மீன் கூடை தூக்குறது யாரு? அவரு தம்பி அப்பாசாமி. அவன் ஓடிப்போய்த் தழும்பைப் பார்த்திருக்கான், அப்படியே அந்தக் கால் மேல விழுந்து அண்ணேன்னு அழுதிருக்கான். தொங்காங்குல வர்றேன்னு சொன்னவரு, கடல்ல கிடந்த உடம்பு, வலது தொடைத் தழும்பு. எல்லாம் பொருந்திப்போச்சு. அவனை நான் குத்தம் சொல்லமாட்டேன்.

பெட்டியில வெச்சு ஆணி அடிச்சுத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தாங்க. திறக்கச் சொன்னேன். "வேணாம் அண்ணி, பார்க்கிற மாதிரி இல்லை"ன்னு அப்பாசாமி என் கையைப் பிடிச்சுக்கிட்டான். எனக்கு அழுகை வரலை. பக்கத்துல செட்டிக் கம்பம் கிராமத்து அம்மா ஒருத்தங்க என் முதுகைத் தடவி "சாபார், சாபார்", பொறுத்துக்கோ பொறுத்துக்கோன்னு மலாய்ல சொல்லிக்கிட்டே இருந்தாங்க. என்னைச் சுத்தி என்ன நடக்குதுன்னே தெரியாம உக்காந்திருந்தேன். பொம்பளைங்க சுடுகாட்டுக்குப் போற வழக்கம் இல்லை. பெட்டி வாசலைத் தாண்டிப் போச்சு, நான் வீட்டுக்குள்ளயே இருந்தேன். அப்பாசாமி தலையை மழிச்சுக் கொள்ளி வெச்சான்.

மறுநாள் பால் தெளிச்சு, எலும்பு பொறுக்கி, அப்படியே கடல்ல கரைச்சுட்டு வந்தாங்க. அப்பாசாமி என் முன்னால வந்து உக்காந்து, துண்டு முடிச்சை அவிழ்த்தான். "அண்ணி, இதை மட்டும் கடல்ல போட மனசு வரலை. அண்ணன் கால்ல இருந்தது. வெட்டியான் சாம்பல்ல இருந்து எடுத்துக் கொடுத்தான். கறுப்பா இருந்துச்சு, சாம்பலும் புளியும் போட்டுத் தேய்ச்சேன். எப்படி வந்திருக்கு பாருங்க. நெருப்புல வெந்தும் அசையலை."

வாங்கிப் பார்த்தேன். ஒரு சாண் நீளத் தகடு. ஆறு ஓட்டை. அஞ்சுல ஸ்குரு இருந்துச்சு, ஒண்ணு காலி. ஓரத்துல கொஞ்சம் நீலம் பாரிச்சிருந்துச்சு, மத்தபடி புதுத் தம்ளர் மாதிரி மின்னுச்சு.

எனக்குத் தலையில யாரோ அடிச்ச மாதிரி இருந்துச்சு. இத்தனை வருஷமா நான் துவைச்ச கறை எங்க? புளி போட்டுத் தேய்ச்சா எஃகு கறுக்கும், இது வெளுத்திருக்கு. தீயில கிடந்த எஃகு பொருக்குப் பொருக்கா உதிரும், இதுல ஒரு பொருக்கு இல்லை.

"இது அவரோடது இல்லை"ன்னேன்.

அப்பாசாமிக்கு விளங்கலை. "என்ன அண்ணி சொல்றீங்க?"

"இது எவர்சில்வரு. உங்க அண்ணன் கால்ல இருந்தது எஃகு."

சுத்தி இருந்த பொம்பளைங்க ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தாங்க. பாவம், தாங்க முடியலைன்னு ஒருத்தி முணுமுணுத்தா. நான் எந்திரிச்சுப் பட்டறைக்குப் போனேன். கூந்தல் அவிழ்ந்து கிடக்கு, நான் கவனிக்கலை. மேசையில இரும்புத்தூள் அள்ளுற காந்தம் கிடந்துச்சு. தகட்டுல வெச்சேன், வழுக்கி விழுந்துச்சு. ஸ்குருவுல வெச்சேன், அதுக்கும் ஒட்டலை. அப்புறம் சாணையை மிதிச்சேன்.

"அண்ணி, வேணாம். அண்ணன் எலும்போட இருந்தது அண்ணி"ன்னு அப்பாசாமி ஓடிவந்தான். தள்ளிப் போடான்னேன். எழவு வீட்டுல சாணைக்கல்லு சுத்துற சத்தம் கேட்டு வாசல்ல இருந்த ஆம்பளைங்களும் உள்ள வந்துட்டாங்க. தகட்டோட ஓரத்தைக் கல்லுல வெச்சேன். நாலு பொறி. சிவப்பு. குட்டையா விழுந்து அணைஞ்சுபோச்சு. பக்கத்துல கிடந்த பால்வெட்டுக் கத்தியை எடுத்து வெச்சேன். பட்டறை முழுக்க வெள்ளையா வெடிச்சுச்சு.

"கண்ணு இருக்கறவங்க பாத்துக்கங்க. அவரு காலுக்குள்ள இருந்தது இதுமாதிரி வெடிக்கும். அவரே வெச்சுக் காட்டினாரு. இது வேற யாரோ."

எல்லாரும் அதிர்ச்சியிலதான் நின்னாங்க, ஆனா என் பேச்சைக் கேட்டு இல்லை. புருஷன் சாம்பல்ல கிடந்ததைச் சாணை பிடிக்கிறாளேன்னு. யாரோ என் கையில இருந்து தகட்டைப் பிடுங்கப் பார்த்தாங்க, நான் விடலை. முந்தானையில முடிஞ்சுக்கிட்டேன்.

அதுக்கப்புறம் நான் அழவும் இல்லை, வெள்ளை கட்டவும் இல்லை. பொட்டு வெச்சேன். பதினாறாம் நாளு கருமாதி, அன்னைக்குத்தான் தாலி வாங்குவாங்க. வெளியிலதான் நான் கத்தினேன், உள்ளுக்குள்ள பயம். அவரு இல்லைன்னா அவரு எங்க? ஒரு தகவலும் இல்லையே? அப்பாசாமி வந்து கெஞ்சினான். "அண்ணி, ஊரு சிரிக்குது. மாத்தாக்காரங்க எழுதி மூடிட்டாங்க. ரெண்டு பேருக்கு ஒரே கால்ல ஒரே தழும்பு எப்படி அண்ணி இருக்கும்?" தழும்பைப் பத்தி எனக்குத் தெரியாது. ஆனா துருவைப் பத்தித் தெரியும். அவரு கிளம்பின அன்னைக்கு அவிழ்த்த கட்டுத்துணி கொல்லையில மூலையில கிடந்துச்சு, இன்னும் துவைக்கலை. எடுத்துவந்து அவன் மடியில போட்டேன். செங்கல் நிறக் கறை காஞ்சு கிடந்துச்சு. "எவர்சில்வரு இப்படி அழுமாடா?"ன்னு கேட்டேன். அவன் அந்தத் துணியையே பார்த்துக்கிட்டிருந்தான்.

கருமாதிக்கு மூணு நாள் இருக்கறப்ப ஹாஜா நானா வந்தாரு. பக்கத்து மசாலாக்கடைக்காரரு, நாங்க அண்ணன் முறையில நானான்னு கூப்பிடுவோம். எங்க வீட்டுக்காரருக்கு உயிர்ச் சினேகிதம். பினாங்குல மக பிரசவத்துக்குப் போயிருந்தவரு, பஸ் ஸ்டாண்டுல சேதி கேட்டு அப்படியே பெட்டியோட வந்துட்டாரு. பட்டறை வாசல்லயே உக்காந்து தலையில அடிச்சுக்கிட்டாரு. சினேகிதனுக்காக அழறாருன்னு நெனச்சேன்.

"தங்கச்சி, நான்தான் அனுப்பினேன்"ன்னாரு. "சாணைக்கல்லு வாங்க இல்லைம்மா. சிங்கப்பூர் ஆஸ்பத்திரிக்கு. கால்ல இருக்கற இரும்பு அரிச்சுக்கிட்டே போகுது, எடுக்காட்டிக் காலையே எடுக்கணும்னு சொல்லிட்டாங்களாம். உன்கிட்ட சொன்னா விடமாட்டேன்னு பயந்தான். எடுத்துட்டு எவர்சில்வரு வெக்கப்போறாங்கன்னு என்கிட்ட சொல்லிட்டுத்தான் போனான். முடிஞ்சதும் நான் வந்து உனக்குச் சொல்லணும்னு பேச்சு. அதுக்குள்ள எனக்குப் பினாங்குல இருந்து ஆள் வந்துடுச்சு."

எவர்சில்வரு வெக்கப்போறாங்க.

இத்தனை நாளா எதைப் பிடிச்சுக்கிட்டு நின்னேனோ அதுவே என் கழுத்துக்கு வந்துடுச்சு. துரு இல்லை, பொறி இல்லை, காந்தம் ஒட்டலை, அதனால அவரு இல்லைன்னு நான் ஊரையே எதிர்த்தேன். இப்ப அதே மின்னுற தகடு அவரோடதா இருக்கலாம். அப்பாசாமி சுவத்துல சாஞ்சுட்டான். "அப்போ அண்ணன்தான். மாத்திப் போட்டுக்கிட்டு வர்ற வழியிலதான்..."ன்னு தேம்பினான். ஹாஜா நானா துண்டால முகத்தை மூடிக்கிட்டாரு.

எனக்கு வந்ததே கோபம். யாரு மேலன்னு கேக்காதீங்க. என்கிட்ட மறைச்ச மனுஷன் மேல, சொல்லாமப் போன நானா மேல, எல்லார் மேலயும். பயந்தானாம். தினமும் அந்தக் காலைக் கழுவினவ நான். நான் விடமாட்டேனா? நானே தூக்கிட்டுப் போயிருப்பேனே.

அந்தக் கோபம்தான் என்னைக் காப்பாத்துச்சுன்னு நெனக்கிறேன். அழாம யோசிக்க முடிஞ்சுச்சு. "அப்பாசாமி, தழும்பு எப்படி இருந்துச்சு? சிவப்பா, தையலோடவா?"

அவன் கண்ணைத் துடைச்சுக்கிட்டு யோசிச்சான். "இல்ல அண்ணி. வெள்ளைக் கோடு மாதிரி. பழசு மாதிரி."

"பத்து நாள் தழும்பு வெள்ளையா இருக்குமா?"

"தண்ணியில ஊறின உடம்பு அண்ணி. எல்லாமே வெள்ளையாத்தான் இருந்துச்சு. சத்தியமா எனக்குத் தெரியலை."

விடிஞ்சதும் மூணு பேரும் பஸ் ஏறினோம். தகடு என் முந்தானையில இருந்துச்சு. உயிரோட இருந்தா ஒரு வெட்டு வெட்டுறேன், செத்திருந்தாலும் விடமாட்டேன்னு மனசுக்குள்ள என்னென்னமோ சொல்லிக்கிட்டே போனேன். ஜொகூர்ப் பாலத்தைத் தாண்டறப்ப தண்ணியைப் பார்க்கவே பிடிக்கலை.

ஆஸ்பத்திரியில மூணாங்கிளாஸ் வார்டு ஒரு நீளக் கொட்டகை. ரெண்டு பக்கமும் கட்டில். முகத்தை மூடிப் படுத்திருக்கிறவங்களும் இருந்தாங்க. என் கண்ணு யாரையும் சரியாப் பார்க்கலை, காது மட்டும் வேலை செஞ்சுச்சு. கோடியில ஒரு குரல் கேட்டுச்சு. "இந்தக் கத்தியால பப்பாளியைக்கூட நறுக்க முடியலையே ஐயா. பார்க்கத்தான் மினுமினுன்னு இருக்கு. ஒரு கல்லு கொடுங்க, நான் தீட்டித் தர்றேன்."

நான் நின்ன இடத்துலயே உக்காந்துட்டேன். பெட்டி வந்தப்ப வராத அழுகை அங்க வந்துச்சு. அப்பாசாமி ஓடிப்போய் அந்தக் கட்டில்ல விழுந்தான், மழிச்ச தலையோட. அவரு அவனைப் பார்க்கிறாரு, என்னைப் பார்க்கிறாரு, ஒண்ணும் புரியலை.

"யாருடா செத்தது? எதுக்குடா தலையை மழிச்சிருக்க?"

"நீங்கதான்"ன்னேன். "சாணைக்கல்லு வாங்கிட்டீங்களா?"

அவரு முகத்துல ரத்தமே இல்லாமப் போச்சு. ஹாஜா நானா சொல்லச் சொல்ல, போர்வையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டாரு. கால்ல கட்டுப் போட்டுத் தூக்கி வெச்சிருந்தாங்க. பக்கத்துப் பெட்டி மேல ஒரு காகிதத்துல அந்தப் பழைய தகடு இருந்துச்சு. எலி கடிச்ச பிஸ்கட்டு மாதிரி ஓரமெல்லாம் அரிச்சு, நடுவுல ஊசி போற அளவுக்கு ஓட்டை விழுந்து, தொட்டா விரல்ல செம்மண் ஒட்டுச்சு. இத்தனை வருஷம் நான் துவைச்சது அதைத்தான்.

"புதுசு வெக்கலை பூங்காவனம்"னு மெதுவாச் சொன்னாரு. "எலும்பு எப்பவோ ஒட்டிக்கிச்சாம். இரும்பு வேலையே இல்லாம உள்ள கிடந்து துருப்பிடிச்சிருக்கு. இப்ப என் உடம்புல இரும்பே கிடையாது."

முந்தானை முடிச்சை அவிழ்த்து, மின்னுற தகட்டை அந்தத் துருத் தகட்டுக்குப் பக்கத்துல வெச்சேன். அவரு எடுத்து, பழக்க தோஷத்துல வெளிச்சத்துல திருப்பிப் பார்த்தாரு. ஓரத்துல நான் சாணை பிடிச்ச இடத்தை விரலால தடவினாரு.

"இது யாரோடது?"ன்னாரு.

மூணு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டோம். இந்தத் தகட்டைப் பத்தி என்னவெல்லாம் பேசினோம், இதை மட்டும் ஒருத்தரும் கேக்கலை. எங்க வீட்டு வாசல்ல இருந்து ஒருத்தரைத் தூக்கிட்டுப் போய், கொள்ளி வெச்சு, பால் தெளிச்சு, கடல்ல கரைச்சிருக்கோம். அந்த மனுஷனுக்காக எந்த ஊர்லயோ ஒருத்தி சோறு வடிச்சு மூடி வெச்சிருப்பா.

கட்டு மாத்த வந்த நர்சம்மா அந்தத் தகட்டைப் பார்த்துட்டு, இது இங்க போடுற மாதிரி இருக்கேன்னு டாக்டர்கிட்ட எடுத்துட்டுப் போனாங்க. திருப்பிக் கொடுக்கறப்ப, மலாக்கா மாத்தாக்காரங்ககிட்ட மறுபடி சொல்லுங்க, நாங்களும் விசாரிக்கிறோம்னு டாக்டர் சொன்னாருன்னாங்க.

அவரு கட்டைக்கோலோட வீட்டுக்கு வந்து கொஞ்ச நாள் ஆகியிருக்கும். தெருவே வந்து அவரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துட்டுப் போனாங்க. நாடகம் போடுறேன்னு சொன்னவளும் வந்தா, அரிவாள்மனையோட. அந்த வாரத்துலதான் ஒரு மத்தியானம் மாத்தாக்காரர் ஒருத்தர் ஒரு அம்மாவைக் கூட்டிக்கிட்டு வந்தாரு. ஆஸ்பத்திரிக் கணக்கைப் பார்த்துத் தேடிப் பிடிச்சாங்களாம், மூவார்ல இருந்து வர்றாங்க, பேரு சாரதாம்பாள். என் வயசுதான் இருக்கும். தலையில பூ, நெத்தியில பெரிய குங்குமம். புடவையை இழுத்துச் செருகிக்கிட்டு, சண்டைக்கு வந்தவங்க மாதிரி வாசல்ல நின்னாங்க.

"நான் உள்ள வரலைங்க. இவரு கூப்பிட்டாருன்னு வந்தேன். அது எங்க வீட்டுக்காரர் இல்லைன்னு சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்"ன்னாங்க. "அவருக்கு ஆத்துப் படகுத்துறையில சீட்டுக் கிழிக்கிற வேலை. கோபத்துல எங்கயாவது போவாரு, வருவாரு. முன்னாடியும் போயிருக்காரு. கால்ல தகடு இருக்கறது வாஸ்தவம்தான். அதனால என்ன? உலகத்துல ஒருத்தருக்குத்தான் தகடு இருக்குமா?"

அந்தக் குரலை எனக்குத் தெரியும். என் குரல்தான் அது. காந்தத்தை எடுத்துக்கிட்டு ஊர் முன்னால நின்ன அதே குரல்.

"ஆமாம்மா, நிறையப் பேருக்கு இருக்கும்"ன்னேன். வேற என்ன சொல்ல? உள்ள போய்த் தகட்டை எடுத்துவந்தேன். சாமி மாடத்துல வெச்சிருந்தேன். பருவமழை ஈரத்துல எங்க பட்டறைக் கத்தியெல்லாம் துருப்பிடிச்சுக் கிடந்துச்சு, அது மட்டும் வெச்சது வெச்சபடி இருந்துச்சு. அவங்க கையில கொடுத்தேன். அவங்க இல்லைன்னு சொல்லணும், இல்லைன்னு சொல்லிட்டு என்னைத் திட்டிட்டுப் போகணும்னு மாரியம்மனை வேண்டிக்கிட்டேன்.

அவங்க அதைக் கண்ணால பார்க்கலை. மூடின கண்ணோட விரலால தடவினாங்க. முதல் ஓட்டை, ஸ்குரு. ரெண்டாவது, ஸ்குரு. எதைத் தேடுறாங்கன்னு எனக்குத் தெரியலை. "டாக்டரு சொன்னாரு"ன்னு தனக்குத்தானே பேசிக்கிட்டாங்க. "நாலாவது இடத்துல எலும்பு விரிசல் விட்டிருந்துச்சாம். அங்க முடுக்கினா தெறிச்சுடும்னு ஸ்குரு போடாம விட்டுட்டாராம். இது எத்தனை நாளானாலும் துருப்பிடிக்காதும்மா, பயப்படாதேன்னு சொன்னாரு."

விரல் நாலாவது ஓட்டைக்குப் போச்சு. அங்க போய் நின்னுச்சு. காலி ஓட்டைக்குள்ள விரல் நுனி அழுந்தியிருந்துச்சு. அவங்க கண்ணைத் திறக்கலை.

எங்க வீட்டுக்காரர் கட்டைக்கோலை ஊனி எந்திரிச்சு நின்னாரு. தான் உயிரோட நிக்கிறதே தப்புங்கற மாதிரி தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு.

அவங்க என்னைப் பார்த்து, "எலும்பு?"ன்னாங்க.

"கடல்ல கரைச்சுட்டோம்மா."

"கொள்ளி யாரு வெச்சா?"

"என் கொழுந்தன். சொந்த அண்ணன்னு நெனச்சு, தலையை மழிச்சு, அழுதுதான் வெச்சான். அநாதையாப் போகலைம்மா. நாங்க எல்லாரும் இருந்தோம்."

தலையை ஆட்டினாங்க. தகட்டை இடது கைக்கு மாத்திக்கிட்டாங்க. வலது கை மெதுவா நெத்திக்குப் போச்சு, குங்குமத்துக்கு. நான் எட்டி அந்தக் கையைப் பிடிச்சுட்டேன்.

"இன்னைக்கு வேணாம்மா. அதுக்கு நாள் இருக்கு. முதல்ல உள்ள வந்து உக்காருங்க."

அவங்க கையை இழுக்கலை. நானும் விடலை. அப்படியே கூட்டிக்கிட்டு உள்ள போனேன்.